ஒளித்து வைத்த ஒன்றேகால் மணி

லான்டி பிறந்ததே பத்து நாள் தாமதமாகத்தான் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகும் அவன் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடம், சொந்தக் கல்யாணம், விவாகரத்துக் கோர்ட்டு, எல்லாவற்றுக்கும் கடைசி ஆளாக மூச்சிரைக்க வந்து நின்றவன். அம்மாவின் அடக்கத்துக்கு அவன் வந்தபோது குழியை மூடி முடித்துவிட்டு ஆட்கள் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வழியில் யாருடைய ஆடோ வேலிக் கம்பியில் கொம்பு மாட்டிக்கொண்டு நின்றதாம், அதை விடுவித்துவிட்டு வந்தானாம். லான்டியிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அது எப்போதும் உண்மையாகவும் இருக்கும். அதனால் அவனை மனசாரத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

சொந்தபந்தமும் சிநேகிதர்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லான்டிக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்வது. சாப்பாடு ஒரு மணிக்கு என்றால் அவனுக்குப் பன்னிரண்டு. கல்யாணம் மூன்றுக்கு என்றால் அவனுக்கு இரண்டு. இதைத் தொடங்கி வைத்த புண்ணியவதி அவனுடைய அக்கா எலினோர்.

எலினோருக்குப் பிழைப்பே நேரம்தான். பென்ரித் ஊரில் ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவள். அந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. பஸ் எங்கேயாவது தாமதமாகத்தான் செய்யும். ஆனால் கடைசி நிறுத்தத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் யாரும் புகார் எழுத மாட்டார்கள். ஆகவே நடுவில் உள்ள நிறுத்தங்களுக்கு இறுக்கமாக நேரம் போட்டு, கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் மட்டும் ஏழெட்டு நிமிடத்தைத் தாராளமாக ஒளித்து வைப்பாள். பயணிக்கும் தெரியாது, பஸ் ஓட்டுகிறவருக்கும் தெரியாது. எல்லாரும் அவசர அவசரமாக வந்து, கடைசியில் சரியாகப் போய்ச் சேர்ந்து, திருப்தியாக இறங்கிப் போவார்கள். முப்பது வருடமாக அவள் இப்படித்தான் உலகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் லான்டி வந்து, நாற்பத்தேழு வயதில், பாப் கிரகாம் சுற்றை ஓடப்போகிறேன் என்றான். கெசிக் ஊரின் நடுவில் இருக்கும் மூட் ஹால் வாசலில் கிளம்பி, சுற்றிலும் இருக்கிற நாற்பத்திரண்டு சிகரங்களைத் தொட்டுவிட்டு, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஓடி வருகிற ஒரு ஆள் நின்று சாட்சி சொல்ல வேண்டும். பரிசு என்று ஒன்றும் கிடையாது. இதற்கென்று இருக்கிற கிளப்பின் பதிவில் பேர் ஏறும், அவ்வளவுதான். அதற்காக அந்தப் பக்கத்து ஜனங்கள் முழங்கால் தேய்ந்து, நகம் கழன்று, கல்யாணம் முறிந்துகூடப் போயிருக்கிறார்கள்.

"நீயா? நேரத்துக்குள்ளயா?" என்று கேட்டு எலினோர் சிரித்தாள்.

"சிரிச்சுக்கோக்கா. ஓடுறதுக்கு நான் இருக்கேன். கணக்குக்கு நீ இரு. உன்னை விட்டா எனக்கு யாரு திட்டம் போடுவா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் உருகித்தான் போனாள்.

திட்டம் போட இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. கிளம்பும் நேரம், முடிக்க விரும்பும் நேரம், சாலை குறுக்கிட்டுச் சுற்றை ஐந்து பகுதியாகப் பிரிக்கும் நாலு இடத்திலும் எத்தனை நிமிடம் ஓய்வு என்று கட்டங்களில் நிரப்பினால் போதும். எந்தச் சிகரத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று நாற்பத்திரண்டையும் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிடும். அதுவரைக்கும் ஓடி முடித்தவர்களின் நேரங்களையெல்லாம் வைத்துப் போட்ட கணக்கு. பிடிக்காவிட்டால் எந்தச் சிகரத்தின் நேரத்தையும் விரலால் இழுத்து மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அதற்கேற்றபடி நகர்ந்துகொடுக்கும். எலினோருக்கு அந்தத் தளத்தைப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று. இருபது வருடத்துக்கு முன்பே இது இருந்திருந்தால் ஆபீசில் பாதி சண்டை வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் தளம் ஒரு நேர்மையான திட்டம் கொடுத்தது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் சாயங்காலம் ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது முடிக்கலாம். அதை அப்படியே விட்டிருக்கலாம்.

ஆனால் அந்த நாலில் ஒன்றான டன்மெயில் சாலையில் பத்து நிமிட ஓய்வு என்று போட்டிருந்ததைப் பார்த்தாள். பத்து நிமிடமா? லான்டிக்கா? டீ ஊற்றிக் கொடுக்கிறவளின் மாமியார் சௌக்கியத்தைக் கேட்கவே அவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். எலினோரின் விரல் தானாகப் போய் முதல் மூன்று பகுதிகளையும் மேலே இழுத்தது. பாதிக்கு மேல் கடந்து மலையை விட்டு இறங்கும் வாஸ்டேல் கார் நிறுத்தத்துக்கு, நேர்மையான திட்டத்தை விட ஒன்றேகால் மணி முன்னதாக, காலை ஒன்பதுக்கே வந்துவிட வேண்டும் என்று ஆக்கினாள். அப்படி மிச்சமான ஒன்றேகால் மணியைக் கடைசி இரண்டு பகுதிகளில், சிகரத்துக்குச் சிகரம் அஞ்சும் பத்துமாகத் தூவி விட்டாள். அடியில் முடிக்கும் நேரம் மாறவே இல்லை. பார்க்கிறவர்களுக்கு, பாவம் நாற்பத்தேழு வயதுக்காரன், கடைசியில் மெதுவாகத்தான் வருவான் என்று தோன்றும். தளம் ஏன் என்று கேட்கவில்லை. சேமிக்கவா என்று மட்டும் கேட்டது.

அந்தத் திட்டத்தைத்தான் லான்டிக்கும், துணைக்கு ஓடப்போகிறவர்களுக்கும் அனுப்பினாள். உண்மையான கணக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாரிடமாவது சொன்னால் எவனாவது இரக்கப்பட்டு அவனிடம் உளறிவிடுவான்.

அவள் மனசில் இன்னொரு ஆசையும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் கதை நியாயமாக இருக்காது. கடைசிச் சாலையான ஹானிஸ்டர் கணவாயில் அவள்தான் சூப்போடு காத்திருப்பாள். தம்பி தொங்கிய முகத்தோடு, எல்லாம் போச்சு என்று வந்து நிற்பான். அப்போது அவள் அவன் தோளைப் பிடித்து, "டேய், உனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடா!" என்பாள். அவன் முகம் மாறுவதைப் பார்ப்பாள். அந்த முகத்துக்காக அவள் பல நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டதுண்டு. வாஸ்டேலில் இருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் அந்த முகத்தை வேறு யாரோ பார்த்துவிடுவார்களே.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவனை வழக்கம்போல ஆறுக்கே வாசலுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவள் ஆறரைக்குப் போனபோது லான்டி ஏற்கெனவே மூட் ஹால் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை மூன்றாம் தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா கிளெம், ஆறுன்னு சொன்னதால இப்பவாவது வந்திருக்கான்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

கிளெம் அந்தக் குடும்பத்துக்கு நெடுநாள் சிநேகிதர். அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், மலையின் ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். மூன்றாம் பகுதிக்கு, டன்மெயிலிலிருந்து வாஸ்டேல் வரைக்கும், அவர்தான் துணையும் சாட்சியும். இளம் வயதில் அவரே இரண்டு தடவை இந்தச் சுற்றுக்குக் கிளம்பி, இரண்டு தடவையும் வாஸ்டேலில் நின்றுபோனவர். அதற்கு அப்பால் இருக்கிற சிகரங்களுக்கு உல்லாசமாக நடந்து போயிருக்கிறாரே தவிர, ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எலினோரின் காகிதம் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

சனிக்கிழமை மதியம் எலினோர் ஹானிஸ்டரில் மடக்கு நாற்காலி போட்டு, சூப்பைப் பொத்தி வைத்து, உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் குளிர்ந்த அரிசிப் பாயசமும் தயாராக வைத்துக்கொண்டு, மேலே சரிவைப் பார்த்தபடி இருந்தாள். வாஸ்டேலில் போன் எடுக்காது. ஹானிஸ்டரிலும் காற்று மனசு வைத்தால்தான். சேதி எதுவும் வரவில்லை, அதனால் அவளும் கவலைப்படவில்லை. சொல்லப்போகிற வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிவில் யாரும் இறங்கவில்லை. வாஸ்டேலில் முன்னதாகவே விட்டு வைத்திருந்த கிளெம்மின் பழைய கார் சாலையில் ஏறி வந்தது. முன் சீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு லான்டி.

எலினோர் எழுந்து காரை நோக்கி ஓடினாள்.

"என்னடா, விழுந்துட்டியா? கால்ல அடியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. கடிகாரம்தான் ஒத்துக்கல." அவன் இறங்கி வந்து அவள் நாற்காலியில் தானாக உட்கார்ந்தான். "சூப் இருக்காக்கா?"

கிளெம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "அம்பது நிமிஷம் லேட்டு எலினோர். ஸ்கேஃபெல் மலையில மூடுபனி. வழி தப்பல, ஆனா மெதுவாத்தான் வர முடிஞ்சுது. வாஸ்டேல் வந்து சேரும்போது மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்துது. உன் காகிதத்தை வெச்சுப் பாத்தேன். அப்படியே போனா ஏழரைக்கு மேலதான் கெசிக் வர முடியும். அரை மணி அதிகம். எதுக்கு இன்னும் ஒம்பது மணி நேரம் மலையில கெடந்து அடிபடணும்? நான்தான் உக்காருடான்னு சொன்னேன். நாலாம் பகுதிக்குத் துணையா வந்த பசங்க ரெண்டு பேரும் போலாம் போலாம்னு குதிச்சாங்க. நான்தான் வேணாம்னேன்."

"சரியாத்தானே சொன்னாரு" என்றான் லான்டி, சூப்பில் முகத்தை வைத்துக்கொண்டு. "கணக்கு கணக்குதானே."

எலினோர் தலைக்குள் அட்டவணை தானாக ஓடியது. முப்பது வருடப் பழக்கம். நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. பத்தாகப் பத்து நிமிடம். அங்கிருந்து, தூவி விட்ட பொய்யைக் கழித்துவிட்டால், எட்டரை மணி நேரம். ஆறு இருபதுக்கு மூட் ஹால். நாற்பது நிமிடம் மிச்சம்.

வாயைத் திறந்தாள். இதோ இந்த நாற்காலியில், இதோ இந்தத் தோள். சொல்ல வேண்டிய வார்த்தைகூட ஒத்திகை பார்த்துத் தயாராக இருந்தது. ஆனால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவனுக்காகத் தைத்த வார்த்தை. உட்கார்ந்துவிட்டவனிடம் அதை எப்படிச் சொல்வது?

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தளத்தைத் திறந்தாள். நடந்த நேரங்களைப் போட்டுப் பார்ப்பதற்கென்று அதில் ஒரு கட்டம் உண்டு. வாஸ்டேலுக்கு எதிரே அவன் வந்த நேரத்தைப் போட்டு, தான் இழுத்து வைத்ததையெல்லாம் நீக்கினாள். ஆறு இருபது என்றுதான் தளமும் சொன்னது. தன் தலைக்கணக்கு சரி என்பதில் அவளுக்கு ஒரு கணம் வழக்கமான திருப்தி எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் ஊர் லான்டியைத் தட்டிக்கொடுத்தது. பப்பில் பியர் வாங்கிக் கொடுத்தார்கள். "வாஸ்டேல் வரைக்கும் போனதே பெருசுடா." "எங்க போவே, நீ லான்டியாச்சே. மறுநாளுக்குள்ள வந்திருந்தாலே ஆச்சரியம்." அவனும் சேர்ந்து சிரித்தான். தீவன மூட்டை ஏற்றிய வேனை ஓட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகிற வேலைக்குத் திரும்பினான். ஓடுவதை மட்டும் விட்டுவிட்டான்.

எலினோர் அவனுக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வாரம் இஞ்சி கேக். அதற்கடுத்த வாரமும் கையில் பாத்திரத்தோடு போய் நின்றபோது லான்டி கேட்டான்: "என்னக்கா, எனக்கு ஏதாவது வியாதியா? டாக்டர் உன்கிட்ட மட்டும் சொன்னாரா?"

"சும்மாதான்டா. ஏன், ஷூவெல்லாம் எங்க?"

"குடுத்துட்டேன். பக்கத்துப் பண்ணைப் பையன் காலுக்குச் சரியா இருந்துது." அவன் கேக்கைப் பிட்டான். "ரெண்டு வருஷம் விடியக் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சேன்க்கா. ஒரு நாள் தப்பல. சரி, இதுலயாவது நாம வேற மாதிரின்னு நெனச்சேன். இல்ல. லேட்டு என் ரத்தத்துலயே இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டதும் ஒரு விதத்துல நல்லதுதான், நிம்மதி." பிறகு, அவள் அதோடு செத்துப் போகட்டும் என்பது போல, "உன் திட்டம் இல்லேன்னா நான் பாதிகூடப் போயிருக்க மாட்டேன். அதுக்கு உனக்கு நான் நன்றிகூட சொல்லல" என்றான்.

அவள் வீடு திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் தம்பிக்கு வலிக்கும் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அது பாதிதான் உண்மை. சொன்னால் அவன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்ற பயம்தான் மிச்சப் பாதி.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். கிளெம்முக்கு ஒரு மணி என்று சொன்னாள். லான்டிக்குப் போன் பண்ணியபோது நாக்கு தானாகப் பன்னிரண்டு என்றது. பழக்கம். போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

ஆட்டுத் தொடை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. புதினாச் சட்னிக்கு வீட்டில் புதினா போதவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சின்னத் தோட்டப் பாத்தி உண்டு. பன்னிரண்டரை மணிக்குக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். சர்ச் சுவரைத் திரும்பியதும் லான்டியின் வேன் மரத்தடியில் நின்றது. உள்ளே அவன், சட்டைக்குப் பித்தான் எல்லாம் போட்டு, தலை வாரி, சீட்டைப் பின்னால் சாய்த்து, பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். "என்னடா இங்க உக்காந்திருக்கே?"

"இன்னும் ஒண்ணாகலையேக்கா."

"உன்னைப் பன்னெண்டுக்குல்ல வரச் சொன்னேன்?"

"எனக்குப் பன்னெண்டு. கிளெம்ண்ணனுக்கு ஒண்ணு." அவன் நிதானமாக டீயை உறிஞ்சினான். "பன்னெண்டுக்கு வந்து கதவைத் தட்டினா நீ சங்கடப்படுவே. கிழங்குகூட உரிச்சிருக்க மாட்டே. எதுக்கு வீணா?"

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு நீ சொன்ன நேரத்துக்கு வந்து நின்னேனா, சர்ச்சுல ஒரு ஈ காக்கா இல்ல. பூ வைக்கிற அம்மா மட்டும்தான். அவங்களோட சேர்ந்து நானும் பூ வெச்சேன். அப்புறம் வெளிய போய் ஒளிஞ்சு நின்னு, எல்லாரும் வந்து உக்காந்தப்புறம் உள்ள வந்தேன். 'வந்துட்டான்யா நம்ம லான்டி'ன்னு எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அவங்க சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்? அதுலேர்ந்து இப்படித்தான். ரெண்டு வருஷமாச்சு. இந்த மரத்தடி நல்ல நிழல்க்கா."

மூட் ஹால் படியில், ஆறு மணி என்று சொன்னதால்தான் வந்திருக்கிறான் என்று கிசுகிசுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக நேரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவனை, வரவே மாட்டான் என்று வைத்துத் தான் கணக்குப் போட்டிருக்கிறோம். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது. சுற்றி வந்து அடுத்த கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லான்டி, அந்தத் திட்டம்..."

"அதை விடுக்கா. முடிஞ்சு போச்சு."

"விட முடியாதுடா. அது பொய்த் திட்டம்."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னாள். மேலே இழுத்தது, ஒன்றேகால் மணியை எடுத்துக் கடைசியில் தூவியது, ஹானிஸ்டரில் தானே சொல்லி அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டது. லான்டியின் கையில் மூடியில் இருந்த டீ ஆறிப்போனது.

"எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்?" என்று கடைசியில் கேட்டான்.

பத்து நிமிடம் என்று சொல்ல அவள் நாக்கு புரண்டது. அவனுக்கு வலி குறையட்டும் என்ற அதே பழைய கெட்டிக்காரத்தனம். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாப்பது நிமிஷம்."

"நாப்பது." அவன் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "நடந்தே வந்திருக்கலாம். வழியில யாராவது ஆட்டையும் அவுத்து விட்டிருக்கலாம்." சிரிக்க முயன்றான், வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: "சாப்பாட்டுக்கு நீ பொய் சொல்லுவேன்னு தெரியும். கல்யாணத்துக்குச் சொல்லுவே. மலைக்குச் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். இந்த ஒண்ணுலயாவது அக்கா நம்மள நம்புறாளேன்னு நெனச்சேன்."

எலினோர் அழுதாள். லான்டி கைக்குட்டையை எடுத்து அவள் பக்கம் வைத்தான், அவ்வளவுதான்.

"கிளெம்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கே, சாப்பாட்டு மேசையிலயே. எல்லாருக்கும் சொல்லிடறேன். ஊரு என்னைக் காறித் துப்பட்டும்."

லான்டி சட்டென்று திரும்பினான். அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "கிளெம்ண்ணன்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"ஏன்டா?"

"என்னை உக்காருன்னு சொன்னது யாரு? அவரு. அன்னிலேர்ந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போன் பண்றாரு. நான் தப்பு பண்ணிட்டேனாடான்னு கேக்கறாரு. இல்லண்ணேன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். மனுஷன் ரெண்டு தடவ அதே எடத்துல தானே உக்காந்தவரு. இவனை எழுப்பி விட்டிருந்தா வந்திருப்பான்னு தெரிஞ்சா, நாமளும் எந்திரிச்சிருந்தா வந்திருப்போமோன்னு இந்த வயசுல நெனப்பாரு." ஆறிப்போன டீயை ஜன்னல் வழியே கொட்டினான். "நீ சொல்லிட்டே, உன் பாரம் எறங்கிடுச்சு. அது இப்ப என்கிட்ட இருக்கு. அவருக்கு வேணாம்."

பாரம் இறங்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதையும் எதற்கு அவன் தலையில் கட்டுவது?

"போய் உன் கறியைப் பாரு" என்றான் லான்டி. "நான் ஒரு மணிக்கு வரேன்."

சரியாக ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கிளெம் அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, மழை கிழை வரப்போகுதா? நேரத்துக்கு வந்துட்டே!" என்றார். லான்டி சிரித்தான். எலினோர் புதினாச் சட்னியை மேசையில் வைத்தாள்.

சாப்பாடு நடந்தது. லான்டி வழக்கத்தை விட அதிகமாகப் பேசினான். எந்தப் பண்ணையில் யார் எந்த மாட்டை ஏமாந்து வாங்கினார்கள் என்ற கதை. கிளெம் கறியைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் இளைத்திருந்தார். ஒரு மாதமாக எலினோர் தன் நெஞ்சு குறுகுறுப்பதையே கவனித்துக்கொண்டிருந்தாளே தவிர, அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும்.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எலினோர், ஒண்ணு கேக்கணும். இவன்கிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. இவன் நல்லவன், இல்லேன்னுதான் சொல்லுவான். நீ கணக்குக்காரி. உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நான் எந்திரிச்சு ஓடுடான்னு சொல்லியிருந்தா, வந்திருப்பானா?"

எலினோர் தம்பியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவன் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, இனிப் பொய்யே சொல்லக்கூடாது என்று முடிவு செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"வந்திருக்க மாட்டான்" என்றாள்.

"நிச்சயமா?"

"அரை மணி அதிகமாயிருக்கும். நீங்க சொன்னதுதான் சரி."

லான்டி தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தான். "நான்தான் சொன்னேனேண்ணே" என்றான். "லேட்டுன்னா லேட்டு. நான் லான்டியாச்சே."

கிளெம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் சாப்பிடாதவர் போல, கறியையும் கிழங்கையும் வழித்துச் சாப்பிட்டார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எலினோர் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவருக்குப் பரிமாறினாள். தம்பியின் தட்டுக்கு வந்தபோது ஒரு கறித் துண்டை எடுத்து நீட்டினாள். அவன் போதும் என்று தட்டின்மேல் கையை வைத்தான்.